மோசம் போறதுக்கு முதல் நாள்

வளைகுடாவில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் சிலர் லீவில் வந்தபோது என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். அதில் ஒரு பெண் கேட்டாள்: "மாமா, போலீஸ்ல இருந்தப்ப கொலைகாரனுக்கு எதிர்ல உக்காந்து பேசியிருப்பீங்களே, பயமா இருக்காதா?"

கொலைகாரனைப் பார்த்து நான் பயந்ததே இல்லை. அவன் கையில் விலங்கு இருக்கும், பக்கத்தில் போலீஸ்காரர் நிற்பார். பயமெல்லாம் சாட்சியை வைத்துத்தான். சாட்சிக்கு விலங்கும் கிடையாது, காவலும் கிடையாது. பேசி முடித்ததும் அதே லேபர் கேம்ப்புக்கு, அதே கட்டிலுக்கு அவன் திரும்பிப் போகவேண்டும். அவன் முணுமுணுத்ததை ஊருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னவன் நான். அவளிடம் இதைச் சொன்னேன். தலையாட்டினாள், ஆனால் புரியவில்லை என்று தெரிந்தது. புரிகிற மாதிரி எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

நான் அரபிக் கல்லூரியில் ஓதியவன். பள்ளிவாசலில் தொழுகை நடத்தவேண்டியவன், வயிற்றுப்பாட்டுக்காக அமீரகம் போனேன். முதலில் மளிகைக் கடை, பிறகு டைப்பிங் சென்டர், கடைசியில் போலீஸில் மொழிபெயர்ப்பு. எந்த எமிரேட் என்று எழுதமாட்டேன். மலை இருக்கிறது, கல்குவாரி இருக்கிறது, சிமெண்ட் தூசி இருக்கிறது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான் கற்றது கிதாப் அரபி, புத்தகத்தில் இருப்பது. அங்கே பேசுவது கடற்கரை அரபி. சேர்ந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே ஸ்டேஷன் சிரிக்கும். என் மேலதிகாரி ஒரு நகீப், அதாவது கேப்டன். அவர் மட்டும் சிரிக்கமாட்டார். "ஷேக், மிம்பரை விட்டு இறங்கு" என்பார். ஜும்ஆ பிரசங்கம் செய்கிற மேடையிலிருந்து இறங்கி மனிதர்கள் மாதிரிப் பேசு என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே கடற்கரை அரபியைக் கற்றுக்கொண்டேன்.

வேலையின் விதிகள் கறாரானவை. சாட்சி "நான் பார்த்தேன்" என்றால் நானும் "நான் பார்த்தேன்" என்றே சொல்லவேண்டும், "அவர் பார்த்தாராம்" என்று சொல்லக்கூடாது. அவன் கெட்ட வார்த்தை பேசினால் அதே கனத்தில் கெட்ட வார்த்தை வரவேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, தள்ளிப்போடக்கூடாது. சாட்சியோடு தனியாக ஒரு சொல் பேசக்கூடாது, ஆறுதல் சொல்வதும் அதில் சேர்த்தி. இதற்கு இறைவன் மேல் ஆணையிட்டுத்தான் வேலைக்குச் சேர்கிறோம்.

நகீப்புக்கு ஒரு பழக்கம் இருந்தது. விசாரணையில் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருவார். சாட்சியைப் பார்க்கவே மாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். ஒருநாள் காரணம் கேட்டேன். "அவன் பேசுவது எனக்குப் புரியாது. புரிகிற முதல் ஆள் நீ. உண்மை முதலில் உன் முகத்துக்குத்தான் வரும்" என்றார். அன்றிலிருந்து அவர் முன்னால் எனக்கு முகம் இருப்பதே பாரமாகிவிட்டது.

இப்போது வியாகுலத்தின் விஷயத்துக்கு வருகிறேன்.

வியாகுலம் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர், சிமெண்ட் ஆலையில் டெக்னீஷியன். மனைவி ஸ்டெல்லா சவூதியில், தம்மாமில் நர்ஸ். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவர் கேம்ப் கேம்ப்பாகப் போவார். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்த கம்பெனியின் பெயரைச் சொல்லிப் பத்திரிகைக்காரர்களிடம் பேசுவார். வெயிலில் சுருண்டு விழுந்தவனை லேபர் ஆபீஸ் வாசலுக்கே தூக்கிக்கொண்டு போவார். தமிழ் டிவியில் பேட்டி வந்தது. பாதிப்பேர் அவரைக் கும்பிட்டார்கள். மீதிப்பேர் திட்டினார்கள், காரணத்தோடுதான். அவர் பேச்சைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஒரு கேம்ப் ஆட்களை மொத்தமாக விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு ஏற்றினார்கள். இவர் மட்டும் ஏறவில்லை. உளவாளி என்று சொன்னவர்களும் உண்டு.

எனக்கும் அவரைப் பிடிக்காது. ஒருமுறை லேபர் ஆபீஸ் வாசலில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "பாய், ஒங்க வாயில இருக்கது ஒங்க நாக்கா, அவனுவ நாக்கா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

இலங்கையில் போர்நிறுத்தம் உடைந்துகொண்டிருந்த வருஷம் அது. கோடை ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமையோடு அவரைக் காணவில்லை. கம்பெனி "ஆள் ஓடிவிட்டான்" என்று எழுதிக்கொடுத்தது. வளைகுடாவில் காணாமல் போகிற கூலிக்காரன் எவனும் காணாமல் போவதில்லை, ஓடிப்போகிறான். எழுதிவிட்டால் முடிந்தது, கலாஸ். ஆனால் தம்மாமிலிருந்து ஸ்டெல்லா ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். நான்தான் எடுத்தேன்.

"அண்ணே, அவரு ஓடுக ஆளு இல்ல. ஓடச் சொல்லி நான் காலுல விழுந்தப்பக்கூட ஓடல. ஒங்க ஆபீசருக்கிட்ட இத அப்பிடியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். நகீப் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "வண்டியை எடுக்கச் சொல்" என்றார்.

வியாகுலம் கடைசியாகப் போயிருந்த கேம்ப் மலை அடிவாரத்தில் இருந்தது. ஆள் சப்ளை செய்கிற ஒரு காண்ட்ராக்டருடையது. கேம்ப்பை மேய்க்கிற கேம்ப் பாஸ், துரைக்கண்ணு என்ற நம் ஊர்க்காரன். வெயிலில் செத்துப்போன ஒரு பையனைத் தூக்கத்தில் செத்ததாகக் காட்டியிருக்கிறார்கள் என்று வியாகுலம் அங்கே போய்ச் சத்தம் போட்டிருந்தார். அடுத்த வாரம் லேபர் ஆபீஸில் அதைச் சொல்லப்போவதாகவும் சொல்லியிருந்தார்.

விசாரணை துரைக்கண்ணுவின் ஆபீஸ் அறையில் நடந்தது. அவனும் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். நகீப் அவனை வெளியே போகச் சொல்லவில்லை. முதல் நாளே வெளியே அனுப்பினால் அவன் சுதாரித்துக்கொள்வான் என்பது அவர் கணக்கு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் ஒரே பதில். "அவர் ஓடிட்டார் சார்." "ஓடிட்டார் சார்." நகீப்புக்குத் தமிழ் தெரியாது, ஆனால் காது உண்டு. நடுவில் நிறுத்தி, "அது என்ன 'ஓடித்தார்'? எல்லார் வாயிலும் ஒரே சத்தம் வருகிறது. ஆளுக்கு ஒன்றைப் பார்த்திருந்தால் ஆளுக்கு ஒரு சொல் வருமே" என்றார். அர்த்தம் சொன்னேன். துரைக்கண்ணு டீ ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அப்புறம் குகதாசன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முன்பு துபாய் அல் கூஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர், இங்கே கழிவுநீர் டேங்கர் ஓட்டினார். கேம்ப்பில் ஒரே இலங்கை ஆள் அவர்தான். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

வியாகுலத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நகீப் கேட்டதைத் தமிழில் கேட்டேன்.

குகதாசன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "வியாழக்கிழமை பின்னேரம் கண்டனான். மெஸ்ஸடியிலை நிண்டவர். மனுசன் மோசம் போறதுக்கு முதல் நாள்."

துரைக்கண்ணு சிரித்தான். "அவன் எங்கடா மோசம் போனான்? அவன நம்பி நாமதான மோசம் போனோம்!"

எனக்கு அந்தச் சொல் வேறு மாதிரிக் கேட்டது.

டைப்பிங் சென்டர் காலத்தில் என் ரூமில் பருத்தித்துறைக்காரர் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. வைத்துவிட்டு, "அம்மா மோசம் போயிட்டாவாம்" என்றார். "யாரு ஏமாத்துனா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நம் தமிழில் மோசம் போவது என்றால் ஏமாறுவது. அவர்கள் தமிழில் இறந்துபோவது. செத்தார் என்று சொல்ல மனம் வராத மனிதருக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது.

வியாகுலம் செத்துவிட்டார் என்று அதுவரை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. போலீஸும் சொல்லவில்லை. இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த நாள் என்றுகூடத் தெரிந்திருக்கிறது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

நகீப் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லியாகவேண்டும். "மாத்" என்றால் செத்தான். அந்த நாட்டில் மண் சுமக்கிறவனுக்கும் கிளம்புக்கு யல்லா, இல்லைக்கு மாஃபி, முடிந்ததுக்கு கலாஸ் தெரியும், மாத் தெரியும். துரைக்கண்ணுவுக்கு அதற்கு மேலேயே தெரியும். நான் அந்தச் சொல்லைச் சொன்னால் இவன் அறிவான். இவன் அறிந்தால் குகதாசன் அன்றைக்கு எங்கே தூங்குவார்? "ஏமாந்தார்" என்று சொன்னால் அது பொய். ஆணையிட்டிருக்கிறேன். வியாகுலம் எங்கேயோ மண்ணுக்குள் கிடப்பார், ஓடிப்போனவன் என்ற பெயரோடு. யோசிக்கவும் நேரமில்லை. தயங்கினாலே துரைக்கண்ணு திரும்பிப் பார்ப்பான்.

கிதாப் அரபியில் ஒரு சொல்வழக்கு உண்டு. "களா நஹ்பஹு." நேர்ந்துகொண்டதை நிறைவேற்றிவிட்டார் என்று வார்த்தைக்கு அர்த்தம். இறந்துவிட்டார் என்பதுதான் கருத்து. மதிப்புக்குரியவர்களுக்கு மட்டும் சொல்வது. ஓதிய அரபிக்குப் புரியும், கேம்ப் அரபிக்குப் புரியாது. மரியாதையான சொல்லுக்கு மரியாதையான சொல். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"வியாழன் மாலை உணவுக்கூடத்தின் அருகே கண்டேன். அம்மனிதர் களா நஹ்பஹு ஆவதற்கு முந்தைய நாள்" என்று முழுவதையும் மிம்பர் அரபியில் சொல்லி முடித்தேன்.

நகீப் மிம்பரை விட்டு இறங்கச் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை. மெஸ்ஸில் சாப்பாடு எப்படி என்று கேட்டார். எந்த டியூட்டி என்று கேட்டார். கொட்டாவி விட்டார். பிறகு லைசென்ஸைக் காட்டச் சொன்னார். வாங்கிப் பார்த்தவர் திடீரென்று எழுந்து மேஜையைத் தட்டினார். "இந்த லைசென்ஸோடு டேங்கர் ஓட்டுகிறானா? ஏற்று வண்டியில்!" அந்த மனிதர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். லைசென்ஸில் ஒரு குறையும் இல்லை, நானும் பார்த்தேன்.

துரைக்கண்ணு என் தோளைத் தொட்டான். "பாய், ஃபைன போட்டுட்டு சீக்கிரம் விடச் சொல்லுங்க. டேங்கர் நின்னா கேம்ப்பே நாறிப்போயிரும்."

வண்டியின் பின்சீட்டில் குகதாசன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நானா, லைசென்ஸ் சரியாத்தானே கிடக்கு? என்னைக் கொழும்புக்கு ஏத்திப் போடுவாங்களோ? இப்ப இருக்கிற நிலைமையிலை அங்கை இறங்கினால் நேரே உள்ளுக்குத்தான். இறங்கினவங்கள் எத்தினை பேர் வீட்டை போய்ச் சேரேல்லை தெரியுமே? சொல்லுங்கோ நானா, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

இலங்கைத் தமிழர்கள் முஸ்லிமை நானா என்பார்கள், அண்ணன் என்று அர்த்தம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விதி அது.

ஸ்டேஷனில் அந்தச் சொல்லை நகீப் திரும்பக் கேட்கச் சொன்னார். "மோசம் போறதுன்னு சொன்னீங்களே, யாரு சொன்னா உங்களுக்கு?" என்று கேட்டேன். அப்போதுதான் குகதாசனுக்குத் தான் சொன்னது உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மலச்சிக்கல்காரன் மாதிரி முகம் இறுகி, பிறகு உடைந்து, எல்லாம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, எல்லாரும் தூங்குகிற நேரத்தில், டேங்கரை, கைவிடப்பட்ட குவாரிப் பள்ளத்துக்குக் கொண்டுவரச் சொன்னான் துரைக்கண்ணு. அவனோடு வேறு இரண்டு பேர். பள்ளத்தின் அடியில் தார்ப்பாய் கிடந்தது. தார்ப்பாய்க்கு வெளியே ஒரு கை. மணிக்கட்டில் ஜெபமாலை சுற்றிய கை. அப்படிச் சுற்றுகிற ஆள் அந்தப் பகுதியில் ஒருவர்தான். வால்வைத் திற என்றான் துரைக்கண்ணு. கேட்டால் அவர் ஓடிட்டார் என்று சொல், வேறு எதுவும் வாயில் வந்தால் அடுத்த டேங்கர் உனக்கு என்றான்.

"திறந்து விட்டனான் நானா. கக்கூசுத் தண்ணியை அந்த மனுசன்ரை மேலை ஊத்தினனான். எனக்காக லேபர் ஆபீசிலை நாள் முழுக்க நிண்ட மனுசன். ஊத்தினனான். ஆனால் ஓடிட்டார் எண்டு மட்டும் வாய் வரேல்லை."

இதை நான் "நான் ஊற்றினேன்" என்றுதான் அரபியில் சொல்லவேண்டியிருந்தது. என் வாயால், என் குரலில். சொல்லி முடித்து வெளியே போய் வாயைக் கழுவினேன்.

பள்ளத்தில் உடல் கிடைத்தது. தலையில் பின்பக்கம் அடி. துரைக்கண்ணுவையும் மற்ற இருவரையும் பிடித்தார்கள். சொல்லிச் செய்ய வைத்தவன் எவனோ, அவனை யாரும் தேடவில்லை. துரைக்கண்ணு அவன் பெயரைச் சொல்லவும் இல்லை. காண்ட்ராக்டர் வேறு பெயரில் கம்பெனி தொடங்கினான். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கோர்ட்டில் துரைக்கண்ணுவின் வக்கீல் வேறொரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவந்தார். மோசம் போவதென்றால் ஏமாறுவது என்று அவர் சொன்னார். அவர் சொன்னதும் தப்பில்லை, அவர் சென்னைக்காரர். நீதிபதி குகதாசனைக் கேட்டார்: அன்றைக்கு எந்த அர்த்தத்தில் சொன்னாய்?

அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்திருந்தது. அதை நான் கண்ணால் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். ஏமாந்தார் என்ற அர்த்தத்தில் சொன்னேன், எனக்கு ஒன்றும் தெரியாது, போலீஸ் மிரட்டிச் சொல்லவைத்தது என்றால் போதும். வழக்கு ஆட்டம் கண்டிருக்கும், ஆனால் அவர் மேல் குற்றம் இல்லை. செத்தார் என்றுதான் சொன்னேன் என்றால், தெரிந்தே மறைத்தவர், உடலை மூட உதவியவர். தண்டனை உண்டு. தண்டனை முடிந்தால் நாடு கடத்தல். கொழும்பு.

நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். என் குரலில் எதுவும் தெரிந்துவிடக்கூடாதே என்று பயந்து பயந்து சொன்னேன். கூண்டுக்குள்ளிருந்து துரைக்கண்ணு குகதாசனையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் சிரித்தான் என்றுகூட நினைக்கிறேன்.

குகதாசன் தொண்டையைச் செருமினார். "எங்கடை ஊரிலை மோசம் போறதெண்டால் சாகிறது ஐயா. அவர் செத்ததைத்தான் சொன்னனான். எனக்குத் தெரியும். கண்டனான்."

மூவருக்கும் நீண்ட சிறை. குகதாசனுக்குச் சில மாதங்கள். நாடு கடத்தாமல் இருக்க நகீப் மேலே எழுதிப் போட்டார். அலைந்தார். தம்மாமிலிருந்து ஸ்டெல்லா தன் ஆஸ்பத்திரியில் டிரைவர் விசாவுக்குச் சொல்லிவைத்தாள். கணவனின் உடலை மூட உதவிய ஆளுக்காக, விசா கொடுக்கிற கபீலின் காலை அவள் பிடித்தாள். விசா வருவதற்குள் தண்டனை முடிந்துவிட்டது. சட்டம் சட்டம்தான் என்றார்கள்.

விமான நிலையத்தில் கடைசிக் காகிதத்தைப் படித்துச் சொல்ல என்னை அனுப்பினார்கள். படித்தேன். கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டார். எல்லாம் முடிந்ததும் கேட்டார்:

"நானா, அண்டைக்கு நான் சொன்னது அந்த அறையிலை உங்கள் ஒராளுக்குத்தானே விளங்கினது?"

"ஆமா."

"விளங்காத மாதிரி இருந்திருக்கலாமே."

கோபமாகக் கேட்கவில்லை. இருந்திருக்கலாம்தான். நம் ஊர் அர்த்தத்தில் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கலாம், எவனும் என்னைக் கேள்வி கேட்டிருக்க முடியாது. அவர் டேங்கரை ஓட்டிக்கொண்டு பத்திரமாக இருந்திருப்பார். வியாகுலம் ஓடிப்போனவராக இருந்திருப்பார். என் வீட்டு நம்பரை எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தேன். இறங்கியதும் போன் பண்ணுங்க என்றேன். போலீஸ்காரர் யல்லா என்றார். போய்விட்டார்.

போன் வரவில்லை. அவர் தந்த ஊர் விலாசத்துக்கு எழுதினேன். அந்தப் பக்கம் அப்போது பாதையே அடைத்துக் கிடந்தது. போர் முடிந்த பிறகு எழுதினேன். தெரிந்தவர்களை அனுப்பிக் கேட்டேன். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை என்றார்கள்.

ஸ்டெல்லா இப்போது ஊரில்தான் இருக்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். கணவனுக்குச் சர்ச்சில் பூசை வைக்கும்போது குகதாசன் பேருக்கும் ஒரு பூசை வைக்கிறாள். முதல் வருஷம் கோயிலிலிருந்தே போன் போட்டாள்.

"அண்ணே, பூசைக்கு எழுத வந்தேன். குகதாசன்னு பேரு சொன்னா, உயிரோட இருக்கவருக்கா, எறந்தவருக்கான்னு சாமியாரு கேக்காரு. ரெண்டும் வேற வேற செபமாம். நான் என்ன சொல்லட்டு?"

யாரும் என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாததை மொழிபெயர்க்கக்கூடாது.

"உயிரோட இருக்கவருக்குன்னு எழுதச் சொல்லும்மா."

"நெசமா அண்ணே? போன் வந்துச்சா?"

"எழுதச் சொல்லு."

"சரிண்ணே" என்றாள். ஒவ்வொரு வருஷமும் அவள் கேட்கிறாள். ஒவ்வொரு வருஷமும் நான் அதையேதான் சொல்கிறேன்.